நியூகிரேஞ்சை ட்ரூயிடுகள் கட்டவில்லை: கதை எழுதுவோர் கவனத்துக்கு

கல்லெழுத்து:
"கெல்டிய ஆன்மிகத்தை வைத்துக் கதை எழுத விரும்புவோர் ட்ரூயிடுகள் எழுப்பிய நியூகிரேஞ்சுக்குள் ஒருமுறை நின்றால் போதும், கதை தானாக வரும்" என்று நெடுவழி சென்ற வாரம் இங்கே எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அயர்லாந்தில், பாய்ன் ஆற்றின் வளைவில் இருக்கும் அந்தக் கல்லறைமேடு கி.மு. 3200ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. பண்டைய ஐரோப்பாவின் கெல்டிய மக்களுடைய பூசாரிகளான ட்ரூயிடுகளைப் பற்றி விரிவாக எழுதிய ஜூலியஸ் சீசர் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவர். நடுவில் மூவாயிரம் ஆண்டுகள் கிடக்கின்றன. கீசாவின் பெரிய பிரமிடுக்கே மூத்த ஒரு கட்டடத்தை, கட்டியவர்களிடமிருந்து பறித்து வேறொருவருக்குக் கொடுப்பது கற்பனை ஆகாது.

நெடுவழி:
நான் அங்கே போய் வந்தவன். 19 மீட்டர் நீளமுள்ள அந்தக் குறுகிய வழியில் குனிந்து நடந்து, உள்ளறையில் விளக்கை அணைத்தபோது நின்ற இருட்டை உணர்ந்தவன். நான் எழுதுவது நாவல். தொல்லியல் துறைக்கு அறிக்கை எழுதவில்லை. என் நாவலில் ஒரு ட்ரூயிட், ஆண்டின் மிகக் குறுகிய பகலான குளிர்காலச் சூரியத் திருப்பத்தன்று, உள்ளறையில் நின்று ஒளி வருவதைப் பார்க்கிறார். அதில் என்ன குற்றம்?

கல்லெழுத்து:
குற்றம் அந்த ஒளியிலேயே இருக்கிறது. ட்ரூயிடுகளின் காலத்துக்கு வெகு முன்பே மேட்டின் கற்கள் சரிந்து வாசலை மூடிவிட்டன. 1699இல் நிலத்துக்கு உரியவர் சாலை போடக் கல் எடுத்தபோதுதான் வாசல் மீண்டும் தெரியவந்தது. வாசலுக்கு மேலே ஒளி நுழைவதற்கென்றே வைத்த திறப்பைத் தோண்டி வெளிக்கொணர்ந்தவர் தொல்லியல் பேராசிரியர் ஓகெல்லி. 1967 டிசம்பர் 21 அன்று காலையில் உள்ளே நின்று, ஒளி உள்ளறை வரை வந்து, சுமார் 17 நிமிடங்களில் விலகியதைப் பதிவு செய்தவரும் அவரே. உங்கள் ட்ரூயிட் எந்த வாசல் வழியாக உள்ளே போனார்?

தென்கரை:
முதலில் சொல்லைச் சரிசெய்யுங்கள். தமிழில் பலரும் 'செல்டிக்' என்றுதான் எழுதுகிறார்கள். 'கெல்டிய' என்பது கண்ணில் உறுத்துகிறது.

கல்லெழுத்து:
கிளாஸ்கோ கால்பந்து அணியின் பெயர்தான் 'செல்டிக்'. மக்களையும் மொழிகளையும் குறிக்கும்போது 'கெல்டிக்' என்பதே ஒலிப்பு. வாசல் மூடியிருந்தது என்பதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

மாலதி:
பதில் நான் சொல்கிறேன். அந்த மேட்டைக் கெல்டியமாக்கியது நெடுவழி அல்லர்; அயர்லாந்தின் பழங்கதைகளே அதைச் செய்துவிட்டன. பழந்தெய்வமான டக்டாவும் ஆற்றுத் தெய்வமான போவானும் சேர்ந்ததும், அவர்களுடைய மகன் ஏங்கஸ் ஒரே பகலில் கருவாகிப் பிறப்பதற்காக டக்டா சூரியனை ஒன்பது மாதம் நிறுத்திவைத்ததும் அந்த மேட்டைச் சுற்றிய கதைகள். அவற்றை ஏட்டில் எழுதியவர்கள் கிறித்தவத் துறவிகள். துறவிகளுக்கு இருந்த உரிமை நாவலாசிரியருக்கு இல்லையா? கட்டியவர்களின் மொழியிலிருந்து ஒரு சொல்கூட நம்மிடம் இல்லாதபோது, பிறகு வந்தவர்களின் கதையில்தானே கால் ஊன்ற முடியும்?

கல்லெழுத்து:
அம்மா, அந்தக் கதைகளில் தெய்வங்கள் குடியிருக்கிறார்கள். ட்ரூயிடுகள் கல் அடுக்கவில்லை. ட்ரூயிடுகளையும் பெருங்கற்களையும் முடிச்சுப் போட்டவர்கள் 17, 18ஆம் நூற்றாண்டுகளின் ஆங்கிலேயப் பழம்பொருள் ஆர்வலர்களான ஆப்ரியும் ஸ்டூக்லியும். அவர்கள் பார்த்தது ஸ்டோன்ஹெஞ்ச் போன்ற கல்வட்டங்களை. அந்த வாடகைச் சட்டையை நியூகிரேஞ்சுக்கும் மாட்டுகிறார்கள். நெடுவழி பார்க்கத் தவறிய கதை வாசலுக்கு வெளியே கிடக்கிறது. கெல்டிய மொழி பேசியவர்கள் வாழ்ந்த காலத்தில், ரோமானியப் பொற்காசுகளையும் நகைகளையும் யாரோ கொண்டுவந்து மூடிய மேட்டின் முன்னே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல், கட்டியவர் யார் என்றும் தெரியாமல், பொன்னை வைத்துக் கும்பிட்டுத் திரும்பிய ஒரு மனிதரை எழுதுங்கள். அதுதான் அந்த இடத்தின் ஆன்மிகம். வாசலைத் திறந்து அவரை உள்ளே தள்ளினால் கதை செத்துவிடும்.

நெடுவழி:
உங்கள் ஓகெல்லியையே கூப்பிடுகிறேன். உதயசூரியன் அந்த அறைக்குள் வரும் என்ற செவிவழிச் செய்தி அந்த வட்டாரத்தில் இருந்தது என்பதையும், அதைக் கேட்டதாலேயே அவர் டிசம்பரில் போய் நின்றார் என்பதையும் ஏன் மறைத்தீர்கள்? வாசல் மூடியிருந்தாலும் நினைவு மூடவில்லை. என் ட்ரூயிடுக்கு அந்த நினைவு கிடைத்தது.

கல்லெழுத்து:
நினைவு கிடைத்ததென்றால் அவர் வெளியே நின்று நினைக்கட்டும். மேலும், 1699க்குப் பிறகு எவர் வேண்டுமானாலும் உள்ளே போய் வந்திருக்கலாம் என்பதால், அந்தச் செய்தி கட்டியவர்கள் காலத்திலிருந்தே வருவது என்று சொல்ல இடமில்லை. வாசல் மூடியிருந்தது.

தென்கரை:
இப்போது தெரியும் வெள்ளைப் படிகக்கல் சுவரே 1970களில் கான்கிரீட் வைத்து நிறுத்தியது என்று தொல்லியலாளர்களே குறை சொல்கிறார்கள். அதன் முன்னால் நின்று மெய்சிலிர்த்தவர்களிடம் வரலாறு பேசிப் பயன் என்ன?

நெடுவழி:
கற்கள் அங்கேயே கிடந்தவை. பல மைல் தெற்கே உள்ள விக்லோ மலையிலிருந்து அந்தக் காலத்திலேயே வந்தவை. சிலிர்த்தது பொய்யல்ல. போகாமலே பேசுபவருக்கு அது விளங்காது.

தென்கரை:
யார் போகாதவர்? 2014இல் நானும் போனேன்.

மாலதி:
கல்லெழுத்து ஐயாவுக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. சென்ற ஆண்டு என் பிரிஜிட் கதையிலும் ஒரே ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு இருபது பதிவுகள் எழுதினார். கதையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

கல்லெழுத்து:
தேதி தவறாக இருந்தது. இன்றும் தவறாகவே இருக்கிறது.

நெடுவழி:
நாளை மூன்றாம் அத்தியாயத்தை இங்கே பதிவிடுகிறேன். ட்ரூயிட் உள்ளறையில்தான் நிற்பார்.

கல்லெழுத்து:
பதிவிடுங்கள். வாசல் மூடியிருந்தது என்று அதன் கீழேயும் எழுதுவேன்.