புதுப்பிப்பு: மாத முதலீட்டை நிறுத்தவில்லை, பாதியாக்கினேன்

அலுவலகத்தில் ஆட்குறைப்புப் பேச்சு, சந்தையும் சரிவு, இண்டெக்ஸ் ஃபண்டில் (பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் நிதி) மாதாமாதம் பணம் போடுவதை நிறுத்திவிடலாமா என்று போன வருடம் கேட்டிருந்தேன். "முதலில் அவசரகால நிதி எவ்வளவு இருக்கிறது?" என்று பலர் திருப்பிக் கேட்டீர்கள். சரியான கேள்வி.

அன்றிரவே நோட்டை எடுத்து மூன்று மாதச் செலவை வரிவரியாக எழுதினேன். ஆறு மாதம் தாங்கும் என்று நம்பியிருந்த சேமிப்பு இரண்டு மாதத்துக்குத்தான் வந்தது. வருடத்துக்கு ஒருமுறை கட்டும் காப்பீட்டு பிரீமியத்தைக் கணக்கிலேயே சேர்த்திருக்கவில்லை. கை நடுங்கிவிட்டது.

அப்புறம் முதலீட்டைப் பாதியாகக் குறைத்து, மிச்சத்தில் கிரெடிட் கார்டு பாக்கியை முதலில் அடைத்தேன். அந்த வட்டியைத் தாண்டி நிச்சயமாக ஈட்டித் தரும் ஃபண்டு எதுவும் கிடையாது. இப்போது ஐந்து மாதச் செலவுக்கான பணம் தனிக் கணக்கில் இருக்கிறது.

இன்னொன்று. 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச்சுக்குள் அமெரிக்காவின் சுமார் 500 பெரிய நிறுவனப் பங்குகளின் போக்கைக் காட்டும் எஸ்&பி 500 குறியீடு பாதிக்கும் மேல் விழுந்தது. பழைய உச்சத்துக்குத் திரும்ப 2013 ஆகிவிட்டது. அதைப் படித்த பிறகு, ஐந்தாறு வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குகளில் புதிதாகப் போடுவதில்லை.

வேலை இன்னும் இருக்கிறது. ஆறாவது மாதச் செலவும் சேர்ந்ததும் முழுத் தொகையைத் திரும்பத் தொடங்குவேன். பொறுமையாகப் பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.