மார்ஜோலின் அல்சருக்குத் தமிழ்ச் சொல்: 'வடுப்புற்று' சரிதானா?

அனைவருக்கும் வணக்கம்.

பழைய தழும்பிலும் ஆறாத புண்ணிலும் கிளம்பும் தோல் புற்றுநோய்தான் மார்ஜோலின் அல்சர். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு 'வடுப்புற்று' போதும் என்று ஐயா எழுதியிருந்தார்கள். சொல் அழகு, மறுப்பில்லை. ஆனால் புண் ஆறிய இடத்தைத்தானே வடு என்கிறோம்? இந்த நோய் தீக்காயத் தழும்பில் மட்டும் வருவதில்லை. தொழுநோயாளியின் உள்ளங்காலில் ஆண்டுக்கணக்கில் ஆறாத புண், எலும்பில் சீழ் பிடித்து ஒழுகிக்கொண்டே இருக்கும் துளை, இவற்றிலும் வரும். ஆறவே ஆறாததை வடு என்பதா?

'மார்ஜோலின் புண்' என்றே விட்டுவிடலாம் என்ற யோசனை இன்னும் இடிக்கிறது. 1828இல் மார்ஜோலின் என்ற அந்தப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் தழும்பில் கிளம்பும் புண்ணை விவரித்தாரே தவிர, அதைப் புற்று என்று சொல்லவில்லை. அதோடு, புண் என்ற சொல்தான் இங்கே ஆளை ஏமாற்றுகிறது. காயம் பட்டதற்கும் புற்று வருவதற்கும் நடுவே சராசரியாக 30 ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அத்தனை காலம் கூடவே இருந்த புண் ஓரம் தடித்து, நாற்றமெடுத்து, தொட்டால் ரத்தம் கசிந்தாலும் 'பழசுதானே' என்று களிம்பு தடவிக்கொண்டிருப்பார்கள். ஓரத்தில் ஒரு துணுக்கு எடுத்துப் பயாப்சி பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

அந்தப் 'பழசுதானே'யிலிருந்துதான் என் சொல்லும் வந்தது: பழம்புண்புற்று. பழம்பகை, பழங்கஞ்சி மாதிரி. தீக்காயத் தழும்பும் இதில் அடங்கும். முழங்கால் மடிப்பில் தழும்பு இழுபட்டு வெடிக்கும், ஆறும், மறுபடி வெடிக்கும். அப்படிப் புண்ணாகிப் புண்ணாகித்தான் பெரும்பாலும் புற்றாகிறது.

ஆறாத புண்ணையும் தழும்பையும் 'முன்புற்று' என்று குறிக்கலாமா என்று அக்கா கேட்டிருந்தார்கள். வேண்டாம் அக்கா. தீக்காயத் தழும்புகளில் நூற்றில் ஒன்றிரண்டுதான் இப்படி மாறும். மற்றவர்களுக்கும் எதற்குப் புற்றென்று பெயர் சூட்டிப் பயமுறுத்த வேண்டும்? 'கண்காணிக்க வேண்டிய புண்' என்று நீட்டி எழுதினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

அப்புறம், காஷ்மீரின் காங்ரிப் புற்றை இதோடு சேர்க்க வேண்டாம். கனல் போட்ட சட்டியை அங்கிக்குள் வைத்துக் குளிர்காய்பவர்களுக்குத் தொடையிலும் அடிவயிற்றிலும் வருவது அது. அங்கே வினை புண்ணால் அல்ல, வருடக்கணக்கில் படும் சூட்டால். பெயரும் அந்த ஊர்ச் சட்டியின் பெயர்தான், அப்படியே இருக்கட்டும்.

பட்டியலில் ஏற்றும்போது பழம்புண்புற்று என்று ஒரே சொல்லாகவே போடுங்கள். பிரித்துப் போட்டால் பழக்கடை ஞாபகம் வந்துவிடும்.