ஹிப்னோசோயிட், ரிலாப்ஸ்: ‘துயிலி’, ‘மீளெழுச்சி’ என்று வைக்கலாமா?

ஐயா, வணக்கம்.

உங்கள் மலேரியாக் கலைச்சொல் பட்டியலில் ரிலாப்ஸுக்கு, அதாவது உடம்பில் ஒளிந்திருந்த ஒட்டுண்ணியால் காய்ச்சல் திரும்ப வருவதற்கு, ‘மீள்தொற்று’ என்று போட்டிருக்கிறீர்கள். ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து சொல்கிறேன், இதை மாற்றியே ஆக வேண்டும்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் வெளியூர்த் துறைமுகங்களில் தொழில் பார்த்தவர்கள் ஊர் திரும்புவார்கள். அதில் ஒருவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரும் காய்ச்சலும் வருகிறது. ரத்தத்தில் வைவாக்ஸ் என்ற மலேரியா ஒட்டுண்ணி. போன வருஷமும் இதே காய்ச்சல்தான் என்கிறார். இது புதுக் கொசுக்கடியா, பழைய கடியின் மிச்சமா?

கொசு கடிக்கும்போது உடம்புக்குள் போகும் ஒட்டுண்ணி முதலில் கல்லீரலில் தங்கிப் பெருகுகிறது. அப்புறம் ரத்தத்துக்கு வந்து சிவப்பணுக்களுக்குள் நுழைகிறது. 48 மணி நேரத்துக்கு ஒருமுறை அணுக்களை உடைத்துக்கொண்டு வெளிவரும்போதுதான் அந்தக் குளிர்நடுக்கம். ஆனால் வைவாக்ஸில் ஒரு பகுதி வளராமல் கல்லீரலிலேயே கிடந்துவிடும். அதுதான் ஹிப்னோசோயிட். சில வாரமோ பல மாதமோ கழித்து எழும். இன்னொரு மலேரியா ஒட்டுண்ணியான பால்சிபாரத்துக்கு இது கிடையாது. குளோரோகுயின் மருந்து ரத்தத்தில் இருப்பதைக் கொல்லுமே தவிர, கல்லீரலில் கிடப்பதைத் தொடாது. அதற்குத்தான் 14 நாள் பிரைமாகுயின் மாத்திரை. காய்ச்சல் விட்டதும் மாத்திரையையும் விட்டுவிட்டுக் கடலுக்குப் போனால் கல்லீரலில் கிடப்பது கிடந்தபடியே இருக்கும்.

ஆக, ரிலாப்ஸில் புதுத் தொற்றே இல்லை. ‘மீள்தொற்று’ என்று படிக்கிறவர் கொசுவைத் தேடி ஓடுவார். தேடினால் இங்கே கிடைக்கவும் செய்யும். தென்னை, சவுக்குத் தோப்புகளில் தண்ணீருக்காக மணலில் தோண்டிய குழிகளில் அகப்பையால் மொண்டு பாருங்கள்: மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசுவின் புழு நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும் (வேறு வகையான கியூலெக்ஸ் கொசுவின் புழு தலைகீழாகச் சாய்ந்து தொங்கும்). குழிகளைக் கவனிக்கத்தான் வேண்டும், ஏனென்றால் காய்ச்சல்காரர் ரத்தத்தைக் குடித்த கொசு அடுத்த வீட்டுக்கு நோயைக் கொண்டுபோகும். ஆனால் கல்லீரலில் கிடப்பது குழியை மூடினால் போகாது. எனவே ‘மறுதொற்று’ என்பதை மறுபடி கொசு கடித்து வருவதற்கு மட்டும் வைத்துக்கொள்வோம். ரிலாப்ஸுக்கு ‘மீளெழுச்சி’ பொருந்தும். மருந்துக்குத் தப்பி ரத்தத்திலேயே மிஞ்சியது மீண்டும் பெருகுவது வேறு, அதற்கு ‘எச்சவெழுச்சி’ போதும்.

ஹிப்னோசோயிட்டுக்கு நண்பர் ஒருவர் ‘உறங்கி’ என்றார். அழகுதான். ஆனால் ‘உறங்கி எழுந்து ரத்தத்தில் கலக்கிறது’ என்று எழுதும்போது அது பெயரா, வினையெச்சமா என்று தடுமாறும். துயில் என்ற வினைக்கு எச்சம் ‘துயின்று’. ஆகவே ‘துயிலி’க்கு அந்தக் குழப்பம் வராது. துயிலிகள், துயிலிக்கொல்லி மருந்து என்று நீட்டவும் வளைந்துகொடுக்கிறது. கிரேக்க மூலத்திலும் தூக்கம்தான் இருக்கிறது.

‘எழுச்சி’ என்றால் போராட்ட நினைவு வருகிறது என்பவர்கள் ‘மீளெழல்’ என்று வைக்கட்டும், எனக்குச் சம்மதமே. ‘தொற்று’ மட்டும் அதில் வேண்டாம்.