லண்டனில் கொடுத்த பழைய மெத்தை எங்கே போகிறது?

நித்தி, ஈஸ்ட்ஹாம்:
போன கிழமை ஒருவர் வேனில் வந்து எங்கள் பழைய மெத்தையை 30 பவுண்டுக்கு ஏற்றிக்கொண்டு போனார். ரசீது கேட்டேன், சிரித்தார். கொழும்பில் இருக்கும் அம்மாவிடம் சொன்னால், "மெத்தை என்று சொல்லித்தானே அங்கிருந்து இங்கே குப்பை வந்தது" என்கிறார். அது என்ன கதை? ஊத்தை மெத்தையை அவ்வளவு தூரம் கப்பலில் அனுப்பி யாருக்கு என்ன லாபம்?

தயா:
உண்மைதான். 2019 ஜூலையில் வெளியே வந்தது. பிரிட்டனிலிருந்து வந்த 263 கொள்கலன்கள்; மருத்துவக் கழிவும் கலந்திருந்ததாகச் சுங்கம் சொன்னது.

பழைய வாஃப் கிளார்க்:
அப்போது நான் கொழும்புத் துறைமுகத்தில் வேலை. என் கையால் கிளியர் செய்த சரக்கு இல்லை, ஆனால் மணம் எல்லோருக்கும் பொது. மூடிய கதவின் அடி ரப்பரால் கறுப்புத் தண்ணீர் ஒழுகி, நிலத்தில் காய்ந்து பிசுபிசுத்துக் கிடந்தது. அந்தப் பக்கம் போனால் மத்தியானச் சோற்றுப் பார்சலைத் திறக்க மனம் வராது.

லாபம் கேட்டீர்கள். சாதாரணச் சரக்கில் வாங்குபவர் காசு கொடுப்பார். இதில் ஏற்றிக்கொண்டு போகிறவருக்கே காசு, நீங்கள் கொடுத்த 30 பவுண்டு மாதிரி. பிரிட்டனில் குப்பையை முறையாகப் புதைத்தால் அந்த வருடக் கணக்கில் டன்னுக்கு 91.35 பவுண்டு வரி மட்டும். ஆசியாவிலிருந்து நிறைந்து வரும் கொள்கலன் பெட்டிகளோ திரும்பும்போது பாதி வெறுமை, கூலி மலிவு. அப்புறம் பேப்பர். மெத்தைக்குள் இருக்கும் கம்பியைப் பிரித்தெடுத்து மறுபடி ஏற்றுமதி செய்வோம் என்று எழுதினால் போதும். மறு ஏற்றுமதிச் சரக்குக்கு 2013இல் கொடுத்த சலுகையால் பெட்டியைத் திறந்து பார்க்க ஆளில்லை. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் மெத்தைகள் வெட்டவெளியில் மலையாகக் குவிந்தது அப்படித்தான்.

நித்தி:
திருப்பி அனுப்பினார்களா அண்ணை?

பழைய வாஃப் கிளார்க்:
அனுப்பினார்கள் தங்கச்சி, சும்மா இல்லை. சுற்றுச்சூழல் நீதி மையம் என்ற இலங்கை அமைப்பு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2020 செப்டெம்பரில் முதல் 21 கொள்கலன், கடைசி 45 போனது 2022 பெப்ரவரியில். வந்தது சுளுவாக, போக இவ்வளவு காலம்!

தயா:
நித்தி, அடுத்த முறை ஏற்ற விடுவதற்கு முன் அவரிடம் கழிவு ஏற்றும் பதிவு இலக்கம் கேளுங்கள். இங்கிலாந்து அரசின் சுற்றுச்சூழல் முகமையின் இணையப் பதிவேட்டில் பார்க்கலாம். எங்காவது கொட்டிவிட்டுப் போனால் அபராதம் உங்களுக்கும் வரலாம்.

நித்தி:
ஐயோ, வேன் நம்பரைக்கூடக் குறிக்கவில்லையே.