பி.ஆப்டம் சேரணும்: விண்ணப்பம் எங்கே, ஃபீஸுக்கு என்ன வழி?

தங்கச்சிமடம்_தம்பி:
தங்கச்சி பிளஸ் டூ, பயாலஜி குரூப். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி. பி.ஆப்டம், அதாவது கண் பரிசோதனைக்கான ஆப்டோமெட்ரி டிகிரி, படிக்கணுங்கறா. அப்பா விசைப்படகில் பங்குக்குப் போறவர். ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அது முடிஞ்ச கையோட ஃபீஸ் நேரம் வந்துடும். வீட்டுக்குப் பட்டா கிடையாது. லோன் கிடைக்குமா? ஏஜென்ட் ஒருத்தர் முன்பணம் கட்டினா சீட் உறுதிங்கறார்.

லென்ஸ்பெட்டி:
ஏஜென்ட்டுக்கு ஒத்தை ரூபாய் கொடுக்காதீங்க தம்பி. ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் கொடுக்காதீங்க.

கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற மருத்துவத் தேர்வுக் குழுதான் துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் வாங்குது. நர்சிங், பிசியோதெரபி, ஆப்டோமெட்ரி எல்லாம் அதில் வந்துடும். இந்த வருஷத்துத் தகவல் கையேட்டை முழுசாப் படிங்க. பாடத்தகுதி, வயசு எல்லாத்துக்கும் அதில் உள்ளதுதான் செல்லும்.

கவுன்சலிங் சீட்டா, மேனேஜ்மென்ட் சீட்டா? உங்க செலவைத் தீர்மானிக்கறது அதுதான். முதல் பட்டதாரி சலுகை கவுன்சலிங்கில் வந்தவங்களுக்குத்தான். அதுவும் கல்விக் கட்டணத்துக்கு மட்டும். ஹாஸ்டல், மெஸ், பரீட்சை ஃபீஸ் நீங்கதான் கட்டணும். வீட்டில் அண்ணனோ அக்காவோ டிகிரி முடிச்சிருந்தா இந்தச் சலுகை கிடையாது.

கேட்க மறக்காதீங்க: இது பட்டப்படிப்பா, டிப்ளமாவா? எந்தப் பல்கலைக்கழக இணைப்பு? ‘கண் டெக்னீசியன்’ டிப்ளமாவையே ஆப்டோமெட்ரின்னு சொல்லிச் சேர்க்கிற இடமும் உண்டு. 2021 சட்டப்படி துணை மருத்துவத் தொழில்களுக்குன்னு தேசிய ஆணையம் வந்தாச்சு, பதிவுன்னு வரும்போது டிகிரிக்கும் டிப்ளமாவுக்கும் வித்தியாசம் தெரியும்.

மண்டபம்_கேம்ப்:
சர்டிபிகேட் வேலையை ரிசல்ட்டுக்கு முன்னாடியே இ-சேவையில் ஆரம்பிச்சிருங்க. சாதி, வருமானம், முதல் பட்டதாரி மூணும் வேணும். வருமானச் சான்று ஒரு வருஷம்தான் செல்லும், அதனால போன வருஷத்தது கைகொடுக்காது. பங்குக் காசுக்கு சம்பள ரசீது இருக்காது, விஏஓ விசாரிச்சுத்தான் எழுதுவார். அப்பா கரையில் இருக்கிற தடைக்காலத்திலேயே அதை முடிச்சிருங்க.

நிறைய பேருக்கு இடிக்கிறது இனிஷியல்தான். மார்க் ஷீட்டில் ஒரு எழுத்து, ஆதாரில் அப்பா பேர் முழுசா. உதவித்தொகை அங்கேயே நின்னுடும். முதலில் ஆதாரைத் திருத்துங்க. அப்புறம் வங்கிக்குப் போய் அந்தக் கணக்கோட ஆதாரை இணைச்சு, அரசுப் பணம் வர்ற கணக்கா பதிவாயிருக்கான்னு கேட்டுக்கங்க. பாஸ்புக்கில் ஆதார் நம்பர் இருந்தா மட்டும் போதாது.

தங்கச்சி ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளிங்கறதால புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் வரும். சேர்ந்த பிறகு கல்லூரி வழியாத்தான் விண்ணப்பம்.

கணக்குப்பிள்ளை:
பட்டா இல்லைன்னு தயங்க வேண்டாம். கல்விக்கடன் 4 லட்சம் வரை மார்ஜினும் (நம்ம கைக்காசு பங்கு) கிடையாது, சொத்துப் பிணையும் கிடையாது. 7.5 லட்சம் வரை மத்திய அரசோட உத்தரவாத நிதி இருக்கு, அதுக்குள்ள அடங்கற கடனுக்குப் பத்திரம் வேண்டியதில்லை. 4 லட்சத்தைத் தாண்டினா 5 சதவீதம் நீங்க போடணும். கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பம் போடுங்க. கிளையில் வாய்ச்சொல்லில் ‘இல்லை’ன்னா எழுதித் தரச் சொல்லுங்க, பாதிப் பேர் அங்கேயே இறங்கி வந்துடுவாங்க. இல்லேன்னா மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர்கிட்ட மனு.

வட்டியைப் பாருங்க. நாலு வருஷப் படிப்பு, வருஷ ஆரம்பத்தில் 1 லட்சம் வீதம், 10 சதவீதம்னு வைப்போம். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தவணை தொடங்கும். அதுக்குள்ள தனிவட்டி மட்டும் ஆயிரத்தில் 50 + 40 + 30 + 20, ஆக 1,40,000 ரூபாய். முதல் வருஷம் மாசம் 833 ரூபாய்தான் வட்டி. கடல் நல்லா இருக்கிற மாசத்தில் அதைக் கட்டிடுங்க, ஒழுங்காக் கட்டினா பல வங்கியில் வட்டியும் கொஞ்சம் குறையும்.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா தவணை தொடங்கற வரைக்குமான வட்டிக்கு மத்திய மானியம் உண்டு. ஆனா மேனேஜ்மென்ட் சீட்டுக்கு இல்லை. கல்லூரிக்கு நாக் (NAAC) மாதிரி தரச்சான்றும் வேணும், சேரும் முன்னாடியே கேளுங்க.

தங்கச்சிமடம்_தம்பி:
கண் பவர் பார்க்கிற ரெட்டினோஸ்கோப் கருவி வாங்கச் சொல்வாங்களாமே, அதுக்கும் லோன் வருமா?

லென்ஸ்பெட்டி:
வரும். ஆனா கல்லூரி தர்ற வருஷவாரியான ஃபீஸ் கடிதத்தில் கருவி, புத்தகம், ஹாஸ்டல் தனித்தனி வரியா இருக்கணும். கடிதத்தில் இல்லாததை வங்கி சேர்க்காது. இன்டர்ன்ஷிப் வருஷத்துக்கும் ஃபீஸ் உண்டான்னு கேட்டு அதையும் எழுதி வாங்கிருங்க.