அலாரம் 'கோஸ் ஆஃப்' என்றால் அடித்ததா, நின்றதா?

வெளிநாட்டு விடுதிகளில் அறைக் கதவின் உட்பக்கம் 'இஃப் தி ஃபயர் அலாரம் கோஸ் ஆஃப், லீவ் தி பில்டிங்' என்று ஒட்டியிருக்கும். நமக்கு ஃபேன் ஆஃப், மோட்டார் ஆஃப் என்றால் நின்றுபோனது. அதே கணக்கில் படித்தால் 'மணி நின்ற பிறகு வெளியேறு' என்றாகிவிடும். விஷயமே தலைகீழ்: மணி அடித்தால் உடனே இறங்கு.

அலாரத்துக்கு மூன்று வினைகள். தானாக அடித்தால் 'கோ ஆஃப்'. அடிக்க வைத்தால் 'செட் ஆஃப்'. கருகிய ரொட்டிப் புகை ஸ்மோக் அலாரத்துக்குச் செய்வது இதைத்தான். நிறுத்தினால் 'டர்ன் ஆஃப்'. பின்னிரண்டிலும் 'இட்' நடுவில் வரும்: 'செட் இட் ஆஃப்', 'டர்ன் இட் ஆஃப்'. 'ஐ வென்ட் ஆஃப் தி அலாரம்' என்று எழுதினால், அலாரம் மேல் உங்களுக்கு ஆசை விட்டுப்போச்சு என்று பிரிட்டிஷ்காரர் நினைப்பார்!

*

அந்த 'ஆசை விட்டுப்போச்சு' பற்றி: 'ஐ ஹாவ் கான் ஆஃப் காஃபி' என்றால் முன்பு பிடித்தது, இப்போது வேண்டாம். ஆரம்பத்திலிருந்தே பிடிக்காததற்கு இது பொருந்தாது. இங்கே 'இட்' கடைசியில்தான்: 'கான் ஆஃப் இட்'. 'தி மில்க் ஹாஸ் கான் ஆஃப்' வேறு, பால் கெட்டுவிட்டது. அமெரிக்கர் இதற்கு 'கான் பேட்' என்பார்கள்.

*

எழுவாயைப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீரும். குண்டு, டைமர், மணி எல்லாம் சும்மா கிடப்பவை; 'வென்ட் ஆஃப்' என்றால் வெடித்தது, அடித்தது. விளக்கு, ஹீட்டர், கரண்ட் ஓடிக்கொண்டிருப்பவை, நின்றது. ஃபோன்தான் வம்பு. 'ஹிஸ் ஃபோன் வென்ட் ஆஃப் இன் தி மீட்டிங்' என்றால் ரிங் அடித்தது. சார்ஜ் தீர்ந்து அணைந்ததற்கு 'டைடு', அதாவது செத்தது.

செய்தி மொழிபெயர்ப்பவர்கள் கவனிக்க: 'தி கன் வென்ட் ஆஃப்' என்பதில் சுட்டவர் யார் என்பதே இல்லை. 'துப்பாக்கி வெடித்தது' என்று நிறுத்துங்கள். 'சுட்டார்' என்று போட்டால் வழக்கே மாறிவிடும்.

*

கிரிக்கெட்டில் 'தி பிளேயர்ஸ் ஹாவ் கான் ஆஃப் ஃபார் பேட் லைட்': வெளிச்சம் போதாமல் வீரர்கள் வெளியேறினர். விழா 'வென்ட் ஆஃப் வெல்' என்றால் நல்லபடியாக நடந்தது. அந்த 'வெல்' மாதிரி ஒரு சொல் பின்னால் வேண்டும். 'தி வெடிங் வென்ட் ஆஃப்' என்று மொட்டையாக விடக்கூடாது. கல்யாணம் நின்றுபோனதற்கு 'வாஸ் கால்டு ஆஃப்'.