ஐட்லிங்குக்கு என்ன சொல்? வியாழனுக்குள் வேண்டும்

நாமக்கல், தொழிற்பயிற்சி ஆசிரியர்:

அன்புடையீர், வணக்கம்.

ஓர் அவசரம். கத்திரி தொடங்குவதற்குள் லாரி ஓட்டுநர்களுக்கு நான்கு பக்கக் கையேடு ஒன்று அச்சடிக்கிறோம். வியாழன் மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது, அதாவது ஐட்லிங்கில், வெயிலில் அது கொதித்துவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் பொருள். ரேடியேட்டர், கூலண்ட், தெர்மோஸ்டாட் எல்லாம் அவர்கள் வாயில் புழங்குகிற சொற்கள், அப்படியே விட்டுவிட்டேன். ஐட்லிங்கில்தான் சிக்கல்.

முதல் வரைவில் "ஓய்வோட்டம்" என்று எழுதி வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பின்வரிசைப் பையன் ஒருவன், "ஓய்வுதானே சார், அப்புறம் எப்படிச் சூடாகும்?" என்றான். அவன் கேட்டது சரி. வண்டி ஓடும்போது எதிர்காற்று ரேடியேட்டருக்குள் புகுந்து சூட்டை வாங்கிக்கொண்டு போகும். நின்றால் அந்தக் காற்று இல்லை, விசிறி இழுப்பதுதான் காற்று. அந்த விசிறியும் தண்ணீர் பம்பும் இன்ஜின் சுற்றோடு பிணைக்கப்பட்டவை, நிமிடத்துக்கு 600, 700 சுற்றில் இரண்டுமே மந்தமாகத்தான் ஓடும். போதாததற்கு, 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். ஏசி கண்டென்சர் பெரும்பாலும் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது, அது கக்கும் சூட்டைத்தான் ரேடியேட்டர் காற்றாக வாங்குகிறது. ஆக இன்ஜின் ஓய்வெடுக்கவில்லை, சங்கடத்தில் இருக்கிறது. ஓய்வு என்று எழுதினால் நானே ஓட்டுநரைத் தவறான பக்கம் தள்ளிவிடுவேன். நல்ல சொல் தாருங்கள்.

மதுரை, பணிநிறைவு பெற்ற தமிழாசிரியர்:

தம்பி, சொல் நம்மிடமே இருக்கிறது. வறிது. பயனின்றி, வெறுமனே என்ற பொருளில் இலக்கியத்தில் நெடுகக் கிடைக்கும். "வறிது சிறிதாகும்" என்று உரியியலில் தொல்காப்பியர் வேறொரு பொருளும் தருகிறார், அதுவும் இங்கே பொருந்திப்போகிறது பாருங்கள், சுற்று சிறுத்துவிடுகிறதல்லவா? வறிது + இயக்கம் = வறிதியக்கம். குற்றியலுகரம் கெட்டு உயிர் ஏறியது, வேறு திரிபு எதுவும் வேண்டாம். ஒரே சொல் இரண்டு பொருளையும் சுமக்கும்போது இன்னொன்றை ஏன் தேட வேண்டும்?

ஸ்டுட்கார்ட், பொறியாளர்:

வணக்கம் ஐயா. இங்கே ஜெர்மானியர்கள் இதை லேர்லௌஃப் என்கிறார்கள், நேர்ப்பொருள் வெறும் ஓட்டம். ஆங்கில ஐடிலும் பழைய ஆங்கிலத்தில் ஈடெல், அதற்கும் வெறுமை என்றுதான் முதற்பொருள். பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் வெறுமையை விட்டு மெதுவைப் பிடித்துக்கொண்டு ரலாந்தி என்கிறார்கள். நாமும் வெறுமையிலிருந்தே எடுக்கலாம்: வெற்றோட்டம். வறிதியக்கத்தைவிட வாயில் எளிதாக வரும்.

மதுரை:

புணர்ச்சி சரி. வெறுமை + ஓட்டம், ஈறுபோதல், தன்னொற்று இரட்டல். வெற்றிலை போல. வெற்றிலை என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்தக் கொடியில் நாம் பூவையும் காயையும் எதிர்பார்ப்பதில்லை, வெறும் இலைக்காகவே வளர்க்கிறோம், ஆகவே வெற்று இலை என்பார்கள். ஆனால் மங்கலத்துக்கு முதலில் தட்டில் வைப்பது அதைத்தான்! வெறுமை என்ற அடை ஒரு பொருளைத் தாழ்த்த வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. பரமத்தி வேலூர் வெற்றிலை நாமக்கல் தம்பிக்குப் பக்கம்தானே, கேட்டுப் பாருங்கள், கொடிக்கால் என்கிற வெற்றிலைத் தோட்டம் வைப்பதிலிருந்து ஆரம்பித்து நிறையச் சொற்கள் அங்கே கிடைக்கும். அதைத் தனி மடலாக எழுதுகிறேன்.

சங்ககிரி, லாரிப் பட்டறை:

எல்லோருக்கும் வணக்கம். நான் படிப்பாளி இல்லை, ஆனால் இந்தச் சொல் எங்கள் ஆட்களுக்குத்தான் போகப்போகிறது என்பதால் எழுதுகிறேன். வெற்றோட்டம் வேண்டவே வேண்டாம். லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புவதை எம்டியாக வருவது என்கிறோம். அந்த ஓட்டத்துக்கு வாடகை கிடையாது, டீசல் கைக்காசு. வெற்றோட்டம் என்று படித்தால் எந்த டிரைவருக்கும் முதலில் அதுதான் ஞாபகம் வரும். "வெற்றோட்டத்தில் இன்ஜின் சூடாகும்" என்று அச்சடித்தால், லோடு இல்லாத வண்டி எப்படிச் சூடாகும் என்று சிரித்துவிட்டு மடித்து வைத்துவிடுவான்.

எங்கள் பக்கம் பேச்சு "வண்டி ஸ்டார்ட்டிங்ல நிக்குது" என்பதுதான். அதில் நிற்கிறது என்பதை விட்டுவிடாதீர்கள். சூட்டுக்குக் காரணமே அந்த நிற்பதுதானே.

ஸ்டுட்கார்ட்:

அண்ணா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஜெர்மனிலும் இதே குழப்பம் உண்டு, லேர்லௌஃப் என்றால் நியூட்ரலும்தான். மலை இறக்கத்தில் நியூட்ரலில் விடாதே என்று கையேட்டில் எங்காவது வந்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். வெற்றோட்டத்தைத் திரும்பப் பெறுகிறேன். நின்றியக்கம்?

மதுரை:

நின்று இயங்குவதா? இயங்குதல் என்றாலே பழந்தமிழில் செல்லுதல். இயங்குதிணை, நிலைத்திணை என்று இரண்டையும் எதிரெதிராக வைத்தவர்கள் நாம். ஒரே சொல்லுக்குள் இரண்டையும் கட்டிப்போட்டால் மாணவன் என்ன நினைப்பான்?

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, மின்விசிறி ஓடுகிறது என்கிறோம். கடிகாரம் ஓடுகிறது, கிணற்று மோட்டார் ஓடுகிறது. எதுவும் இடம் பெயரவில்லை. இயங்கு வேண்டாமென்றால் ஓடு இருக்கிறது. நின்றோட்டம்.

என் சொந்தக் கருத்து, ஐட்லிங் என்றே போட்டுவிடலாம். நாற்பது வயது டிரைவரிடம் புதுச்சொல்லைக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே அதற்கு விளக்கமும் கொடுப்பது அச்சுத்தாளுக்குச் செலவு.

மதுரை:

நின்று என்பது வினையெச்சம், வினையைத்தானே கொள்ளும்? ஓட்டம் பெயர்.

அப்புறம், ஐட்லிங் என்றே போடலாம் என்பவருக்கு: பேருந்து, மின்சாரம், தொலைபேசி எல்லாம் ஒரு நாள் புதிதாக இருந்தவைதான். யாரோ முதலில் அச்சில் போட்டார்கள். பலகையில், நோட்டீசில், சீட்டில் கண்ணில் பட்டுப் பட்டுத்தான் அவை பழகின. கையேட்டில் போடாமல் வேறெங்கே போடுவது?

சென்னை:

ஓட்டம் தொழிற்பெயர் ஐயா. கண்டுபிடிப்பு, எடுத்துக்காட்டு, இவற்றில் எச்சம் தொழிற்பெயரைத் தொட்டு நிற்கவில்லையா?

மதுரை:

அதை ஏற்கிறேன். நின்றோட்டம் பிழையில்லை. அழகில்லை, அவ்வளவுதான்.

நாமக்கல்:

அனைவருக்கும் நன்றி. இதற்கிடையில் இன்னொரு முடிச்சு. ஐட்லிங் கையேட்டில் நோயாகவும் வருகிறது, மருந்தாகவும் வருகிறது. நீண்ட மேடு ஏறி வந்த டர்போ வண்டியை நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிடக் கூடாது, இரண்டு மூன்று நிமிடம் ஓட விட்டால்தான் டர்போ தாங்கிகளுக்கு எண்ணெய் போய்ச் சூடு இறங்கும். சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டாலும், தண்ணீர் ஒழுகாமல் இருந்தால் ஏசியை அணைத்துவிட்டு, சுற்றை 1000க்கு மேல் கொஞ்சம் ஏற்றி ஓட விடச் சொல்கிறோம், அப்போது பம்பும் விசிறியும் வேகம் பிடிக்கும். தண்ணீர் போய்விட்டிருந்தால் மட்டும் உடனே அணைக்க வேண்டும். ஆகவே பயனின்மை காட்டுகிற வறிது, வெறுமை இரண்டும் எனக்கு ஒத்துவராது. நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லாத சொல் வேண்டும், நின்றோட்டம் அப்படி இருக்கிறது.

ரேடியேட்டருக்குக் கதிர்வீசி போடச் சொல்லி ஒருவர் தனிமடல் அனுப்பியிருந்தார். அது சூட்டைக் கதிராக வீசுவது குறைவு, காற்றிடம் கொடுத்து ஆற்றுவதுதான் அதன் வேலை. டீக்கடையில் டம்ளருக்கும் குவளைக்கும் இடையே உயர்த்தி ஆற்றுகிறாரே, அதேதான். பெயர் வைப்பதானால் வெப்பாற்றி என்று வைக்கலாம்.

மதுரை:

ஆற்றி! அருமை. ஆறுவது சினம் என்றாள் ஔவை. பால் ஆறுவதும் சினம் ஆறுவதும் புண் ஆறுவதும் நமக்கு ஒரே வினை. இன்ஜின் கொதிப்பதற்கு இதைவிட எது பொருந்தும்? கூலண்டை ஆற்றுநீர் என்று...

சங்ககிரி:

ஐயா மன்னிக்கணும், ஆற்றுநீர் என்று அச்சடித்தால் காவிரித் தண்ணீரை மொண்டு ஊற்றிவிடுவார்கள். உப்பும் மண்ணும் ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும், அந்த வேலை எங்களுக்குத்தான் வரும். போன கோடையில் ஒரு வண்டி வந்தது, ரேடியேட்டர் துடுப்புத் தகடுகளுக்கு இடையில் பஞ்சு ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது, பின்னால் கையை வைத்தால் காற்றே வரவில்லை. முன்பக்கமிருந்து அடித்தால் இன்னும் உள்ளே போய்விடும் என்று இன்ஜின் பக்கமிருந்து தண்ணீர் அடித்து எடுத்தோம், மெத்தை மாதிரி கழன்று விழுந்தது. விசிறிக் கூண்டும் உடைந்து பாதி இல்லை, விட்ட சூட்டுக் காற்றையே விசிறி திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. அந்த டிரைவர் பத்து நாளாகக் கூலண்ட் மேல்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். சொல் எதுவானாலும் இதை முதல் பக்கத்தில் போடுங்கள். சூடான மூடியைத் திறக்காதே என்பதை அதற்கும் மேலே, உள்ளே நூறு டிகிரிக்கு மேல் போன தண்ணீர் அழுத்தத்தில்தான் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது, மூடி கழன்றதும் முகத்தில்தான் அடிக்கும்.

சென்னை:

கூலண்ட் கூலண்டாகவே இருக்கட்டும். நின்றோட்டத்துக்கு என் வாக்கு, ஆனால் முதல் தடவை வரும் இடத்தில் "ஐட்லிங் எனப்படும் நின்றோட்டம்" என்று வேண்டும்.

ஸ்டுட்கார்ட்:

எனக்கும் சரி.

நாமக்கல்:

இன்று புதன், இரவு பதினொன்றரை. நின்றோட்டம் என்று போட்டு அனுப்புகிறேன். மூடி, பஞ்சு, விசிறிக் கூண்டு மூன்றும் முதல் பக்கம். வெப்பாற்றியைப் போடவில்லை, வெப்ப மாற்றி என்று படித்துவிடுவார்கள் போலிருக்கிறது.

மதுரை:

போடுங்கள் தம்பி. வறிதியக்கம்தான் சரியான சொல் என்பதில் எனக்கு மாற்றமில்லை, அடுத்த பதிப்பின்போது மறுபடி எழுதுவேன். அச்சானதும் ஐந்து பிரதி அஞ்சலில் அனுப்புங்கள், எங்கள் தெருமுனையில் இரண்டு லாரிகள் மதியமெல்லாம் ஓடிக்கொண்டே நிற்கின்றன.